பாட்டில், போன், மிக்ஸி: மூன்றையும் எந்த வரிசையில் நிறுத்துவது?

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். ஒரு வயதில் 8.2 கிலோ இருந்தாள், இப்போது 9.8 கிலோ. பாட்டிலில் 200 மி.லி. பால், தினம் ஐந்து முறை குடிக்கிறாள். போனில் வீடியோ ஓடினால்தான் சாப்பிட வாய் திறக்கிறாள்; அதுவும் மிக்ஸியில் அரைத்ததை மட்டும். சின்னத் திப்பி பட்டாலும் ஓங்கரிக்கிறாள். ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எட்டு மாதத்தில் 1.6 கிலோ ஏறியிருக்கிறாள். இரண்டாவது வருடம் முழுவதற்கும் 2 முதல் 2.5 கிலோதான் கூடும் என்பதால், இது சரியான வளர்ச்சி. பதறாமல் மாற்றலாம். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

முதலில் பால். ஒரு லிட்டர் பாலிலேயே அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு பசி எப்படி வரும்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு; ரத்தசோகை வந்தால் இருக்கிற பசியும் மந்தமாகும். நான்கு நாளுக்கு ஒரு பாட்டில் வீதம் குறைத்து, 400 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். அதையும் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரவுப் பாட்டிலைக் கடைசியாக நிறுத்தலாம். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு முறை சிற்றுண்டி. நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும். 30 நிமிடம் ஆனதும், திட்டாமல் கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் குறைவாகத்தான் சாப்பிடுவாள். 'பாவம், பாலாவது குடிக்கட்டும்' என்று அப்போது பாட்டிலை நீட்டுவதில்தான் பெரும்பாலான வீடுகளில் முயற்சி முறிகிறது: சாப்பாட்டை மறுத்தால் பால் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

அடுத்தது போன். எந்த வேளை நன்றாகப் பசிக்கிறதோ, அந்த வேளையில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

திப்பிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். மெல்லப் பழகப் பழகத்தான் ஓங்கரிப்பு அடங்கும். ஒன்பது, பத்து மாதம் தாண்டியும் அரைத்ததையே கொடுத்தால் அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. நீர்த்த கூழில் திப்பியைக் கலந்து ஏமாற்றாதீர்கள். கூழையும் கட்டியையும் நாக்கு ஒரே நேரத்தில் பிரித்துக் கையாள வேண்டியிருப்பதால், அதுதான் மிகக் கடினம். கெட்டியான மசியல், முள்கரண்டியால் மசித்தது, மென்மையான துண்டு என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமாவது கொடுங்கள். இரு விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்த காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, அவள் கையிலேயே கொடுங்கள். கடைவாய்ப் பக்கம் வைத்துக் கடிக்க, நீங்கள் கடித்துக் காட்டுங்கள். தொட்டாலும் துப்பினாலும் அது பயிற்சிதான். ஒரு புதிய உணவு பழக பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். உட்காரும்போது பாதம் தொங்காமல் ஏதாவது ஒரு பலகையில் ஊன்றியிருக்கட்டும். உடம்பு ஆடினால் தாடைக்குப் பிடிப்பு இருக்காது.

ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், இருமுவாள்; வாயில் விரல் விடாமல் காத்திருங்கள். சத்தமே வராமல் மூச்சுக்குத் திணறினாலோ, முகம் நீலம் பாய்ந்தாலோ, அது மூச்சடைப்பு. உடனே முதலுதவி செய்து அவசர உதவியை அழைக்க வேண்டும். முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் இப்போது வேண்டாம்.

பசிக்கு நீங்களாக சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். இவ்வளவு பால் குடித்த குழந்தைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது. மலச்சிக்கல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடிக்கும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை இறங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகும் மசித்ததையே விழுங்க முடியாவிட்டால், விழுங்குதல் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.