முழங்கால் இடிக்கும் அரங்குகள்: கேள்வி பதில்

லண்டன் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகளில் பல ஆண்டுகள் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் பணியில் இருந்தவர், அங்கே நாடகம் பார்க்கும் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். இவ்வளவு விலை கொடுத்தும் முழங்கால் முன் இருக்கையில் இடிக்கிறதே, ஏன்?

கட்டடத்தின் வயதுதான் காரணம். பேலஸ் அரங்கு 1891-இலும், கொலிசியம் 1904-இலும், பல்லேடியம் 1910-இலும் திறக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் மேல்மாடத்துக் கூட்டத்தை முதுகுச் சாய்வில்லாத பலகைகளில் நெருக்கி உட்காரவைத்தார்கள். பிற்காலத்தில் அதே படிகளின்மீது நாற்காலிகளைப் பொருத்தினார்களே தவிர, படியின் அகலம் கூடவில்லை. பல அரங்குகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் நினைத்தபடி இடித்துக் கட்டவும் முடியாது. ஆகவே மேல் சர்க்கிள் என்ற மேல்மாடத்தைத் தவிர்த்து, ஸ்டால்ஸ் என்ற கீழ்த்தளத்தில் நடைபாதை ஓர இருக்கையை வாங்குங்கள். ஒரு காலையாவது நீட்டலாம். சர்க்கிளின் முதல் வரிசை கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் பல இடங்களில் அங்கே கைப்பிடிச் சுவர் முழங்காலை ஒட்டியே நிற்கும்.

கேள்வி: பக்கத்தில் இருந்தவரின் தோளும் முழங்காலும் என் இருக்கைக்குள் வந்துவிட, நாடகம் முழுக்க ஒடுங்கியே இருந்தேன். எப்படிச் சொல்வது, அண்ணா?

முதலில், அவர் உடல் பெரியதா, அல்லது கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள் தங்கச்சி. பெரிய உடல் அவருடைய குற்றமன்று. அவரும் உங்களைப்போலவே நெளிந்துகொண்டிருப்பார். அப்போது கைப்பிடியின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. கால்களை அகட்டுபவரிடம், விளக்கு அணைவதற்கு முன்பே, புன்னகையோடு "கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள், நடுக்காட்சியில் கேட்டால் அது சண்டையாகவே காதில் விழும்.

அதற்கும் பலனில்லையென்றால் இடைவேளை மணி அடித்ததும் பணியாளரிடம் சொல்லுங்கள். ஒரு ஜனவரி இரவில், நனைந்த கம்பளிக் கோட்டை மடியில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெரியவர் என்னிடம் வந்து, குறை சொல்லக் கூசி, "வேறு நாற்காலி ஏதாவது?" என்று மட்டும் கேட்டார். பக்கவாட்டில் காலியாக இருந்த இருக்கைக்கு மாற்றினேன்; மேடையின் ஒரு மூலை மறைந்தாலும் அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இடம் காலியாக இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவோம், ஆனால் முழுக்காட்சியையும் பொறுத்துக்கொண்டுவிட்டு வெளியேறும்போது சொல்பவருக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கோட்டை மடித்து இருக்கைக்கு அடியில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் திணித்தால் இருக்கிற இடமும் போய்விடும்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. ஸ்டால்ஸ் கீழே இருப்பதால் படியேறாமல் போகலாம் அல்லவா?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பல அரங்குகளில் ஸ்டால்ஸ் தெருமட்டத்துக்குக் கீழே இருப்பதால், படியிறங்கித்தான் போகவேண்டும். சில இடங்களில் டிரெஸ் சர்க்கிள் என்ற முதல் மாடம்தான் வாசலுக்கு நெருக்கமானது. இணையத்தில் வாங்காமல், அரங்குக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை படிகள், கழிப்பறை எந்தத் தளத்தில் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அருகில் இருப்பவர் கைப்பேசியைத் திறந்துகொண்டே இருந்தால்?

நீங்கள் அதட்டவேண்டாம். வரிசை ஓரத்திலோ கதவருகிலோ நிற்கும் பணியாளரை நோக்கிக் கையுயர்த்தினால் போதும்.

கேள்வி: குளோப் அரங்கில் நின்றுகொண்டே பார்க்கும் மலிவான சீட்டு வாங்கலாமா?

கால்வலி இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப்போலவே கட்டி 1997-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் முற்றம் கூரையில்லாதது. மழை பெய்தாலும் குடை விரிக்க அனுமதியில்லை, தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். மாடத்தில் அமர்வதானால் மரப்பலகைதான், மெத்தையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் நிற்பதானால் சீக்கிரமே போய் மேடை விளிம்பையோ பின்சுவரையோ பிடித்துவிடுங்கள், சாய்ந்து நிற்கலாம்.