கவர் பாடும்போது எதை மாற்றுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவர் பாடல், அதாவது ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடுவது, மூலப்பாட்டின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’டை உதாரணம் காட்டியிருந்தீர்கள். ஆண் பாடியதைப் பெண் பாடினார், அவ்வளவுதானே? எங்கள் கல்லூரிக் குழுவிலும் கவர் செய்கிறோம். எதை மாற்ற வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

அவ்வளவுதான் இல்லை. ஓட்டிஸ் ரெட்டிங் எழுதி 1965-ல் பாடியதையும், அரேதா 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் பதிவு செய்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ரெட்டிங்கின் பாட்டு ஒரு பேரம். நான் இல்லாத நேரத்தில் நீ தப்பு செய்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் மரியாதை கொடு, என் பணமெல்லாம் உனக்குத்தான் என்கிறான் அவன். அரேதா முதலில் அந்தச் சலுகையை வெட்டுகிறார். நீ இல்லாதபோது நான் தப்பு செய்யமாட்டேன், ஏனென்றால் எனக்கு அதில் இஷ்டமில்லை என்கிறாள் இவள். பணம் தரும் வரியில் அவர் கை வைக்கவே இல்லை. ஆனால் பெண் வாயில் வந்ததும் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் என்றாகிவிடுகிறது. இந்த ஓரிடத்துக்கு மட்டும் உங்கள் விளக்கம் சரி.

இனி இசை. மூலத்தில் பின்குரல்கள் ‘ஹே ஹே ஹே’ என்று ஒத்து ஊதுவதோடு சரி. இங்கே தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரி கொடுக்கிறார்கள். ஒருத்தி கேட்டது பலர் கேட்பதாகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக்காரர்களும் பெண்ணியவாதிகளும் இதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதில் இந்தக் கோரஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

மூலத்தில் இல்லாத இடையிசை ஒன்றும் சேர்ந்தது. சி மேஜர் என்ற சுருதியில் போகும் பாட்டு சட்டென்று எஃப் ஷார்ப் மைனர் என்ற தொலைவான சுருதிக்குத் தாவுகிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்கு. அதன்மேல் கிங் கர்டிஸின் சாக்ஸபோன். ஒரே சுற்றில் ஓடிய பாட்டு இங்கே மூச்சு வாங்கித் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான், வாத்தியங்கள் வெட்டி வெட்டி நிற்க, ‘ரெஸ்பெக்ட்’டை எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறார். அதுவும் மூலத்தில் கிடையாது. முதல் சரணத்திலேயே வைத்திருந்தால் வெறும் வித்தையாகப் போயிருக்கும்.

உங்கள் குழுவுக்கு: முதலில் வரிகளை எழுதிவைத்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று குறியுங்கள். பாடுபவர் மாறினால் எந்த வரி பொய்யாகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். பிறகு கோரஸ் யார் பக்கம் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். வேகத்தையும் வாத்தியங்களையும் கடைசியில் தொடுங்கள். பெரும்பாலான கவர்கள் வேகத்தைக் குறைத்து, ஒற்றைக் கிட்டாரை வைத்து, எந்தப் பாட்டையும் சோகப்பாட்டாக்கிவிடுகின்றன. ‘ரெஸ்பெக்ட்’டை அப்படிப் பாடினால் திரும்பவும் கெஞ்சலாகிவிடும்.