மந்தகாலத்தில் வீட்டு விலை: எது அடிமட்டம், எது போலி ஏற்றம்? (கேள்வி பதில்)

கேள்வி: பொருளாதார மந்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் பகுதியில் விலை இன்னும் இறங்குகிறதே, ஏன் சார்?

மந்தம் முடிந்தது என்றால் உற்பத்தி சரிவது நின்றது என்றுதான் அர்த்தம். வேலை திரும்பி, முன்பணம் சேர்ந்து, வங்கியும் இறங்கி வந்தால்தான் வீடு வாங்க ஆள் வரும். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்தது. அங்கே வீட்டு விலையை அளக்கும் கேஸ்-ஷில்லர் தேசிய விலைக் குறியீடு அடியைத் தொட்டதோ 2012 தொடக்கத்தில்; 2006 உச்சத்திலிருந்து சுமார் 27 சதவீத இறக்கம். 2020 மந்தத்தில் அங்கே விலை ஏறவே செய்தது: வட்டி குறைந்தது, தவணை ஒத்திவைப்பு கிடைத்தது, விற்பனைக்கு வந்த வீடுகளும் குறைவு. மந்தம் மட்டுமே விலையை இறக்கிவிடாது. விற்றே தீர வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

கேள்வி: போன மாதம் இடைநிலை விலை நன்றாக ஏறியிருக்கிறது. திருப்பம்தானே?

அவசரப்படாதீர்கள். இந்த ஒரு எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 5 வீடுகள் 40, 45, 50, 90, 100 என்று விற்றன. விலை வரிசையில் நடுவில் நிற்பது 50, இதுதான் இடைநிலை விலை. அடுத்த மாதம் எல்லா வீட்டின் மதிப்பும் 10 சதவீதம் குறைகிறது, ஆனால் மலிவான வீடுகளில் ஒன்று மட்டுமே கைமாறுகிறது: 45, 81, 90 (முன்பு 50, 90, 100). இடைநிலை 81 ஆகிவிட்டது! எந்த வீடும் ஒரு காசு ஏறவில்லை, விற்ற வீடுகளின் கலவைதான் மாறியது. மலிவாகப் போகும் ஜப்தி வீடுகள் தீரத் தீர, மீட்சியின் தொடக்கத்தில் இது அடிக்கடி நடக்கும்.

ஒரே வீடு முன்பு என்ன விலைக்குப் போனது, இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிடுவதே மாற்று. அதிலும் ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, 6 மாதத்துக்குள் மறுபடி விற்ற வீடுகளைக் கழித்துவிடுங்கள். அந்த லாபத்தில் பாதி சிமெண்டும் பெயிண்டும். மாதத்துக்கு 30 விற்பனைகூட இல்லாத பகுதி என்றால் 3 மாதத்தைச் சேர்த்து, போன வருடத்தின் அதே 3 மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் முதலில் எந்த எண்ணைப் பார்ப்பது?

விற்பனை எண்ணிக்கை. விலை கடைசியில்தான் அசையும். விற்பவர் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் வியாபாரம் வற்றும், பிறகுதான் விலை இறங்கும். ஏறும்போதும் இதே வரிசைதான்.

அடுத்தது இருப்பு. விற்பனைக்கு 240 வீடுகள், மாதம் 40 விற்கின்றன என்றால் 6 மாத இருப்பு. பொதுவாக இதைச் சமநிலை என்பார்கள். 8, 10 என்று ஏறினால் பேரம் வாங்குபவர் பக்கம். ஆனால் 6 என்பது 4 ஆனதும் துள்ளாதீர்கள். விற்பனை 60 ஆனதாலா, விலை படியாமல் 80 பேர் விளம்பரத்தை எடுத்துவிட்டதாலா? இரண்டுக்கும் விடை 4தான். முதலாவது மட்டுமே மீட்சி. வங்கி கைப்பற்றி, இன்னும் சந்தைக்கு விடாத வீடுகளும் இந்தக் கணக்கில் வராது. பழைய விளம்பரத்தை நீக்கிப் புதிதாகப் போட்டால் வீடு விற்பனைக்குக் ‘காத்திருந்த நாட்கள்’ கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: அரசு சலுகையால் விற்பனை பெருகியிருக்கிறது. நிலைக்குமா?

பெரும்பாலும் அது நாளைய வாங்குபவரை இன்றைக்கே இழுத்து வருவதுதான். அமெரிக்காவில் முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை வரிச்சலுகை தந்தார்கள். 2010 ஏப்ரல் 30க்குள் ஒப்பந்தம் போட வேண்டும். கெடு முடிந்தபின், ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை ஒரே மாதத்தில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. விலையும் மறுபடி தளர்ந்தது. சலுகை முடிந்து 4 மாதம் கழித்துவரும் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள்.

கேள்வி: ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவின் அந்த 2006-2012 சரிவில் லாஸ் வேகஸ் 60 சதவீதத்துக்கு மேல் இழந்தது, டல்லாஸ் சுமார் 10 சதவீதம்தான். டல்லாஸில் முதலில் விலை அளவுக்கு மீறி ஏறவே இல்லை. ஒரே ஊருக்குள்ளும் தகுதியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த கடனில் விற்ற மலிவு வீடுகள்தான் பெரும்பாலும் ஆழமாக விழும்.

கேள்வி: 40 சதவீதம் விழுந்தது, 40 சதவீதம் ஏறிவிட்டது. பழைய நிலைதானே?

இல்லை. 100, 60 ஆகி, இப்போது 84. பழைய 100ஐத் தொட 60லிருந்து 66.7 சதவீதம் ஏற வேண்டும். அதுவும் பணவீக்கத்தைக் கழிக்காமல்.

கேள்வி: சின்ன வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்க நினைக்கிறோம். விலை ஏறும்வரை காத்திருக்கலாமா அண்ணா?

இரண்டும் ஒரே பகுதி என்றால் காத்திருப்பது நஷ்டம். உங்கள் வீடு 100, பெரிய வீடு 150 என்றிருந்தபோது கைக்காசு 50 வேண்டும். இரண்டும் 20 சதவீதம் இறங்கினால் 80, 120, வித்தியாசம் 40தான். ஆனால் உங்கள் கடன் பாக்கி 80ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. விற்ற பணம் கடனுக்கே போதாமல் மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். விற்பனை விளம்பரம் கொடுக்கும் முன் வங்கியில் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.