தீயணைப்புத் துறையில் ஓய்வு பெறுபவர் கம்யூட்டேஷன் வாங்கலாமா?

தமிழ்நாடு தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெறப்போகும் உங்கள் அப்பா, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்கலாமா, அதாவது கம்யூட்டேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் உண்டு என்பதால், தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

என் அப்பா நிலைய அலுவலராக இருந்து 2010-இல், 58 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் 9,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு 3,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்குரிய எண்ணான 8.371-ஆலும் பெருக்கினால் 3,01,356 ரூபாய். பதிலுக்கு மாதம் 3,000 வீதம் 15 ஆண்டுகள் பிடித்தால் 5,40,000. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தார். "இதற்குக் கந்துவட்டிக்காரனே தேவலையே!"

அம்மாவின் கூட்டல் சரிதான், முடிவுதான் தவறு. வட்டியாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு எட்டே முக்கால் சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். அப்பாவுக்கு அப்போது தங்கையின் கல்யாணம் இருந்தது. வெளியே யார் அந்த வட்டிக்குக் கொடுப்பார்கள்? வந்த பணத்துக்கு வருமான வரியும் இல்லை. அகவிலைப்படியை 6,000-க்கு அல்ல, முழு 9,000-க்கும் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அடிப்படை ஓய்வூதியம் 2.57 மடங்காகி 23,130 ஆனது. பிடித்தம் மட்டும் அதே 3,000-இல் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முப்பது வருடம் புகையை மூச்சாக விட்டவர்கள் இவர்கள். அப்பாவுடன் ஒரே வண்டியில் ஓடியவர் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டே நுரையீரல் நோயில் போய்விட்டார். மீதிப் பிடித்தத்தை அவர் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் இந்தத் தொகையைக் கழிக்கவும் மாட்டார்கள். வங்கிக் கடனாக இருந்திருந்தால் அந்த அம்மாவின் கதவைத்தான் தட்டியிருப்பார்கள்.

ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட்டால் மருத்துவப் பரிசோதனை கிடையாது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் பெரிதாகச் செலவும் இல்லை, கடனும் இல்லை, பணம் வந்தால் உறவுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பிடித்தம் தொடங்கும் மாதத்தை எழுதி வையுங்கள். அப்பா ஓய்வூதியப் புத்தகத்தின் உள்ளட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார். 15 ஆண்டுகள் முடிந்த பிறகும் இரண்டு மாதம் பிடித்துவிட்டார்கள். அந்த அட்டையையே கொண்டுபோய்க் காட்டி மனு எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் 6,000 ரூபாய் திரும்பி வந்தது.