ஈழத்தமிழர் வசதியா, இந்தியத் தமிழர் வசதியா? கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கோயம்புத்தூரில் இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறை வழியாக வந்து ஒரு வருடம் ஆகிறது, எஞ்சினியர், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் ஈழத்தமிழர் வீட்டின் பேஸ்மென்ற்றில் மனைவியோடு வாடகைக்கு இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் ரக் (லொறி) ஓட்டுகிறவர், அவருக்கு இரண்டு வீடு. "அகதியாக வந்தவர்கள் படித்து வந்த எங்களைவிட எப்படி வசதியானார்கள், அவர்கள் செய்த எதை நாங்கள் செய்யவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அகதியாக வந்தவன்தான். எண்பதுகளின் கடைசியில் வந்து, ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவி, இரவில் கணக்கியல் படித்தேன். இப்போது கனகாலமாக வரிப்பத்திரம் நிரப்பிக் கொடுப்பதுதான் தொழில். யாழ்ப்பாணத்தாரும் வருவார்கள், சென்னை, மதுரை, கோவை ஆக்களும் வருவார்கள். இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் பார்ப்பது அவருடைய சம்பளத்தை இல்லை. அவர் வந்த ஆண்டையும், அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதையும்தான் பார்க்கிறீர்கள். சம்பளத்தை மட்டும் எடுத்தால், என் மேசைக்கு வரும் பத்திரங்களில் உங்களைப் போல வந்தவர்கள் நாலைந்து வருடத்திலேயே எங்கள் முதல் தலைமுறையைத் தாண்டிவிடுகிறார்கள். சொத்தை எடுத்தால் நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு "வசதி" என்று சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் இதற்கு நேரான விடை கிடைக்காது. 2021 கணக்கெடுப்பில் "தெற்காசியர்" என்ற ஒரே பெட்டிக்குள் சுமார் 26 இலட்சம் பேர், நாட்டின் சனத்தொகையில் 7.1 வீதம். பஞ்சாபிகள், குஜராத்திகள், பாகிஸ்தானியர், வங்காளிகள், நீங்கள், நாங்கள் எல்லோரும் அதற்குள். தாய்மொழி தமிழ் என்று பிரித்தாலும் நீங்களும் நாங்களும் ஒரே வரிசையில்தான் விழுவோம். அதனால் பத்திரிகையில் வரும் "தெற்காசியர் வருமானம்" என்ற தலைப்புகளை வைத்து யாரையும் அளக்க வேண்டாம்.

முதலில் வந்த வாசலைப் பார்க்க வேண்டும். கனடா 1967இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் என்று பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி அதே வழியின் இன்னும் இறுக்கமான வடிவம். வேலை உறுதி இல்லாமல் வெளிநாட்டில் இருந்து வருகிறவர் தன் வங்கியில் போதிய காசு இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். ஆகவே நீங்கள் கோயம்புத்தூரின் சராசரி ஆள் இல்லை. பலரில் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆங்கிலத்தோடும் சேமிப்போடும், இறங்கிய அன்றே வதிவிட உரிமையோடும் வந்தவர்.

எங்களை யாரும் தெரிந்தெடுக்கவில்லை. 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்ப ஓடி வந்தோம். அகதி கோருகிறவரை நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. 1986 ஆகஸ்ற்றில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அந்தப் படகில் வந்தவர்கள்தான் என்று இல்லை, வானூர்தியில் வந்தவர்களும், காசு வாங்கி ஆளை வெளிநாட்டுக்குக் கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவேண்டிய கடனோடுதான் இறங்கினோம். ஊரில் காணி ஈடு வைத்து, தாயின் தாலிக்கொடி விற்று, வட்டிக்கு எடுத்த காசு அது. அதற்கு மேல் அகதி வழக்கு முடியும்வரை காத்திருப்பு. வழக்கு வென்ற பிறகும், 1995இல் இருந்து பெரியவர் ஒருவருக்கு 975 டொலர் குடியேற்றக் கட்டணம். அகதிகளுக்கு அதை 2000ஆம் ஆண்டில்தான் நீக்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஆறு, ஏழு டொலர் உழைத்த காலத்தில் புருசனும் பெண்சாதியும் 1,950 டொலர் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அப்படி வந்தவர்களுக்கு வீடு எப்படி வந்தது?

ரொறன்ரோவில் 1989இல் சராசரி வீட்டு விலை ஏறத்தாழ 273,000 டொலர். அதன் பிறகு சந்தை விழுந்து, 1996இல் சுமார் 198,000 வரை வந்தது. எங்கள் ஆட்களில் பெரும்பகுதி வழக்கு வென்று, ஏஜென்சிக் கடன் கட்டி, கொஞ்சம் மூச்சு விட்ட நேரமும் அந்த விலை இறங்கிய நேரமும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. 1992இல் முதல் வீடு வாங்குகிறவர்கள் 5 வீத முற்பணத்தோடு வாங்கலாம் என்று வந்தது. பத்தாயிரம் டொலர் சேர்த்தால் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கலாம் என்ற காலம் அது. 2022இல் அதே ரொறன்ரோப் பகுதியின் சராசரி விலை 1,190,000 டொலர் அளவில் இருந்தது. 1996இல் வாங்கியவர் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடந்திருந்தாலும் அவருடைய வீடு ஆறு மடங்காகியிருக்கும். உங்கள் வீட்டுக்காரரின் முதல் வீடு அந்தக் காலத்து வீடு என்றால், அவருடைய சொத்தில் பெரும்பங்கை விளக்க இதுவே போதும். அவருடைய கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே கெட்டித்தனத்தோடு அவர் 2022இல் வந்து இறங்கியிருந்தால் இன்றைக்கு உங்களோடு பக்கத்து பேஸ்மென்ற்றில் இருந்திருப்பார்.

அந்தப் பத்தாயிரம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோ நகரின் செயின்ற் ஜேம்ஸ் ரவுனில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற்றில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்தோம். இரவு வேலைக்காரன் எழும்பிப் போக, பகல் வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான். பிறகு சீட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் ஐந்நூறு போட்டால் பத்தாயிரம். அவசரக்காரன் கழிவு கூறி முதலில் எடுப்பான், பொறுத்தவன் கடைசியில் முழுசாக எடுப்பான். வங்கி கடன் தராத காலத்தில் எங்கள் வங்கி அதுதான். எத்தனையோ வீட்டு முற்பணம் சீட்டில் வந்தது. சீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சேமிப்பெல்லாம் தொலைத்த குடும்பங்களும் உண்டு. பொலிசுக்குப் போனால் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இருக்காது. நீங்கள் அதில் சேர வேண்டாம். உங்களுக்கு வங்கி இருக்கிறது, கிரெடிட் இருக்கிறது.

வீடு வாங்கிய பிறகும் நெரிசல் குறையவில்லை. தமையன் குடும்பம் மேலே, தம்பி குடும்பம் கீழே, ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பா நடு அறையில். அம்மா பிள்ளைகளைப் பார்க்க, மற்ற எல்லோரும் வேலைக்கு. இதனால்தான் "குடும்ப வருமானம்" என்று பார்க்கும்போது நாங்கள் பெரிதாகத் தெரிகிறோம். புள்ளிவிவரத் திணைக்களம் வறுமைக் கோடு கணிக்கும்போது குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. ஒரு வீட்டில் ஆறு பேர், மூன்று பேர் உழைத்து 150,000 டொலர் என்று வையுங்கள். வகுத்தால் ஏறத்தாழ 61,000. நீங்களும் மனைவியும் இரண்டு பேர், 110,000 என்றால் ஏறத்தாழ 78,000. தெருவில் நின்று பார்க்கிறவருக்கு அந்த ஆறு பேர் வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு காரும்தான் தெரியும்.

வெளியே தெரியாத இன்னொன்று, ஊருக்குப் போன காசு. தங்கச்சிமாரின் சீதனம், தம்பிமாரை வெளியே எடுக்கிற செலவு, இடம்பெயர்ந்த சொந்தங்களுக்குச் சாப்பாட்டுக் காசு, 2004 சுனாமி, 2009இல் வன்னியில் இருந்து முகாமுக்கு வந்தவர்கள். இருபத்தைந்து வருடம் ஒரு ஆள் இரண்டு குடும்பத்தை, சில வேளை நான்கு குடும்பத்தைத் தாங்கினான். இந்தக் காசு எந்த வரிப்பத்திரத்திலும் கழிவாக வராது. ஆனால் அது போயிருக்காவிட்டால் எங்கள் ஆட்கள் பலர் ஓய்வுக்குச் சேமித்திருப்பார்கள்.

ஓய்வு என்று வந்ததால் என் மனதை அரிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் முதல் தலைமுறையில் பலர் வரி பிடிக்காமல் கையில் தரும் காசுக்கு வருடக்கணக்காக உழைத்தார்கள். அன்றைக்கு அது இலாபமாகத் தெரிந்தது. சி.பி.பி. என்ற கனடா பென்சன் நாங்கள் கட்டிய அளவுக்குத்தான் வரும். கட்டாத வருடங்களுக்கு ஒன்றும் இல்லை. முதியோர் பென்சனும் 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இந்நாட்டில் இருந்தால்தான் முழுசு, ஆகக் குறைந்தது 10 வருடம் வேண்டும். முப்பத்தைந்து வயதில் வந்தவருக்கு 65இல் நாற்பதில் முப்பது பங்குதான். வீட்டின் பெறுமதி பத்து இலட்சம், மாத வருமானம் வீட்டு வரி கட்டக்கூடக் காணாது என்ற நிலையில் முதியவர்கள் என்னிடம் வருகிறார்கள். பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சம், வீட்டை விற்க மனமில்லை. வீடே இல்லாமல் அரசாங்க வீட்டில் இருக்கிறவர்கள், புருசனை இழந்து தனியே பிள்ளை வளர்த்த பெண்கள், தொழிற்சாலையில் முதுகு உடைந்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். நீங்கள் கேட்ட "வசதியான இலங்கைத் தமிழர்" கணக்கில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

இப்போது உங்கள் பக்கம். உங்கள் ஆட்களின் சொத்து இங்கே தெருவில் நிற்பதில்லை. கோவையில் அடுக்குமாடி வீடு, சென்னைப் புறநகரில் ஒரு மனை, வைப்புத் தொகை, நகை என்று அங்கே நிற்கிறது. உங்கள் கடிதத்திலேயே ஊர் ஃபிளாற்றுக்கு மாதாமாதம் கடன் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துத்தான் உங்கள் வசதியை அளக்க வேண்டும். எங்களில் கனபேருக்கு ஊரில் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளும் இடிந்த வீடுகளும்தான். அதனால் உழைத்ததில் மிஞ்சியதை எல்லாம் இங்கேயே மண்ணில் போட்டோம். உங்களுக்கு ஒரு கால் அங்கே வைக்க வசதி இருக்கிறது. அது நல்ல விசயம்தான், ஆனால் இரண்டு இடத்திலும் கடன் கட்டுகிறவருக்கு இங்கே முற்பணம் சேரப் பிந்தும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். இங்கே வந்ததும் "கனடிய அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வேறு சொற்களில் அதே கேள்வி வருகிறது. முதல் வேலை உங்கள் தகுதிக்குக் கீழேதான் கிடைக்கும். அதில் இரண்டு வருடத்துக்கு மேல் ஊற வேண்டாம். எங்களுக்குள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் எஞ்சினியராகவும் இருந்தவர்கள், கடனும் பொறுப்பும் அமத்தியதால் தொழிற்சாலையில் நுழைந்து, பென்சன் வரைக்கும் அங்கேயே நின்றார்கள். உங்களுக்கு அந்த அளவு பாரம் இல்லை. எஞ்சினியர் உரிமம் எடுக்கிற வழியில் இப்போதே இறங்குங்கள்.

ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் உங்களோடு ஒரே வருடம், இரண்டு வருடம் முன்பின்னாக வந்தவரோடு ஒப்பிடுங்கள். இப்போது அகதியாக வந்து வழக்குக்குக் காத்திருக்கிற ஈழத்துப் பொடியனையும் உங்களையும் பக்கத்தில் வைத்தால் யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து அவசரமாக வீடு வாங்க ஓட வேண்டாம். மத்திய வங்கி வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். இடையில் மாறும் வட்டியில் வாங்கியவர்கள், கட்டப்போகும் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) முற்பணம் கட்டியவர்கள், இரண்டு பக்கத்து ஆட்களும், என் முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். அவருடைய இரண்டாவது வீட்டில் அவருக்கு எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2023இல் வந்த முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு, எஃப்.எச்.எஸ்.ஏ. வருடம் 8,000 டொலர், மொத்தம் 40,000 வரை போடலாம். போடுகிற காசுக்கு வரிக் கழிவு உண்டு, வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. காசு போடக்கூடிய வரம்பு, கணக்கைத் திறந்த ஆண்டில் இருந்துதான் சேரத் தொடங்கும், அதனால் தகுதி இருந்தால் ஐம்பது டொலரோடாவது திறந்து வைக்கலாம். நீங்களும் மனைவியும் தனித்தனியே திறக்கலாம். ஆனால் உங்கள் விசயத்தில் ஒரு சிக்கல் இருக்கலாம். இந்த ஆண்டிலோ இதற்கு முந்திய நாலு ஆண்டுகளிலோ உங்களுக்கோ மனைவிக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருந்திருந்தால் இப்போதைக்குத் திறக்க முடியாது. அந்த வீடு இந்தியாவில் இருந்தாலும் அதே விதிதான். கோயம்புத்தூர் ஃபிளாற் யார் பேரில் இருக்கிறது, வருவதற்கு முன் நீங்கள் இரண்டு பேரும் அதில் குடியிருந்தீர்களா, இல்லை அப்பா அம்மா மட்டும்தானா என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.