கப்பல் டூரா, உள்ளூர் டூரா?

கேள்வி: சியாட்டிலில் இருக்கும் மகள் எங்களுக்கும் சேர்த்து ஜூன் மாதம் ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கடைசியில் கனடாவின் விக்டோரியா. கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கக் கப்பல் கம்பெனி கேட்கும் கட்டணம் மலைக்க வைக்கிறது. உள்ளூர்க்காரர்களிடம் பதிவு செய்தால் குறையும் என்கிறாள் மகள். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமே என்கிறார் என் கணவர். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். என்ன செய்யலாம், எதையெல்லாம் எடுத்துப்போகலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கப்பல் கம்பெனி விற்ற டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களே ஏற்பாடு செய்வார்கள். நீங்களாகப் பதிவு செய்த டூருக்கு அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. அதற்காக எல்லா ஊரிலும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

ஜூனோவில் உள்ளூர்ப் படகுக்கே போங்கள். ஹவாய் பக்கத்துக் கடலில் குளிர்காலத்தைக் கழித்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. படகுகள் புறப்படுவது ஆக் பே என்ற இடத்தில். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து வேனில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நூறு பேர் ஏறும் பெரிய படகில் திமிங்கிலம் வலப்பக்கம் எழும்பினால் இடப்பக்கம் நிற்பவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஆறு பேர் மட்டும் ஏறும் சிறு படகுகளும் அங்கே உண்டு. எல்லோருக்கும் கம்பியோரம் இடம் கிடைக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் கேப்டனே பதில் சொல்வார். ஹம்ப்பேக் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ‘தொட்டுவிடும் தூரத்தில் காட்டுகிறோம்’ என்று ஆசை காட்டுபவரிடம் பதிவு செய்யாதீர்கள். அந்த உயிர்கள் அங்கே சாப்பிட வருகின்றன. அவற்றைத் துரத்திப் பிடிக்கும் படகில் நாம் இருக்க வேண்டாம்.

முழங்கால் வலிக்காக ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஜூனோ பகுதியில் கடல் மட்டம் ஒரே நாளில் 5 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். மிதக்கும் படகுத்துறைக்கு இறங்கும் சரிவுப்பாதை, நீர் ஏறியிருக்கும்போது ஏறக்குறைய சமதளமாகவும், வடிந்திருக்கும்போது செங்குத்தாகவும் இருக்கும். “எங்கள் டூர் நேரத்தில் நீர் மட்டம் எப்படி இருக்கும்? படகில் கழிப்பறை உண்டா?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உள்ளூர்க்காரர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். சொல்லாவிட்டால் வேறு படகைப் பாருங்கள்.

அதே ஊரில் மெண்டன்ஹால் பனிப்பாறையும் இருக்கிறது. அங்கே பயணிகளை ஏற்றிப்போக டூர் கம்பெனிகளுக்கு அளவோடுதான் அனுமதி கொடுக்கிறார்கள் என்பதால் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். திமிங்கிலமும் பனிப்பாறையும் சேர்ந்த டூராக இப்போதே பதிவு செய்யுங்கள். நகரப் பேருந்தில் போகலாம் என்று யாராவது சொன்னால், அது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித்தான் இறக்கிவிடும். உங்கள் கணவருக்குச் சரிவராது. பார்வையாளர் மையத்தின் பக்கத்திலேயே பனிப்பாறையைப் பார்க்கச் சமமான சிறிய நடைபாதை இருக்கிறது, அது போதும். கரடிகள் நடமாடும் இடம், அதனால் பையில் எந்தத் தின்பண்டமும் வேண்டாம்.

ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில். தங்க வேட்டைக் காலத்தில், 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த குறுகிய அகல மலை ரயில்பாதை. சுமார் 32 கிலோமீட்டரில் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. கணவர் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ரயில் கம்பெனியிடமே நேரடியாக டிக்கெட் வாங்கலாம், ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மேலே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கனடாவுக்குள் யூகான் வரை பேருந்தில் போய்வரும் டூர்தான் வேண்டுமென்றால் கப்பல் மூலமே போங்கள். மலைச்சாலை, எல்லைச் சோதனை என்று உங்கள் கையில் இல்லாத தாமதங்கள் அதில் இருக்கின்றன.

கெச்சிகனில் டூரே தேவையில்லை. கப்பல் ஊர்நடுவே நின்றால் இறங்கி நடந்தே ஓடைமேல் கட்டிய கிரீக் ஸ்ட்ரீட் மரவீடுகளைப் பார்க்கலாம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்களின் குலக்கம்பங்கள் (உருவங்கள் செதுக்கிய மரத்தூண்கள்) நிற்கும் சாக்ஸ்மன் கிராமத்துக்குப் பேருந்து போகிறது. சில கம்பெனிகளின் கப்பல்கள் மட்டும் 11 கிலோமீட்டர் தள்ளி வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கும். உங்கள் கப்பல் எங்கே நிற்கும் என்று விசாரித்துவிட்டு, அங்கே நிற்பதானால் ஷட்டில் பஸ் வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். கிளேசியர் பே பனிப்பாறைகள் நிறைந்த தேசியப் பூங்கா, அங்கே இறங்குவதே இல்லை. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். அன்று முழுக்க மேல்தளத்திலேயே இருங்கள்.

உள்ளூரில் பதிவு செய்யும்போது, கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போனால் முழுப்பணமும் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியும் டூராகப் பாருங்கள். அலாஸ்காவின் மணி சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். செல்போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் எந்த மணியைப் பின்பற்றுகிறதோ அது வேறாக இருக்கலாம். ஒரு கைக்கடிகாரத்தில் கப்பல் மணியை வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புங்கள்.

இனி பெட்டி. எல்லோரும் குளிருக்குப் பயந்து கனத்த கோட்டு வாங்குகிறார்கள். ஜூனில் பகலில் 15, 16 டிகிரி இருக்கும், வாட்டப்போவது மழை. கெச்சிகனில் ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது, உங்கள் கோவையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். உள்ளே தெர்மல், மேலே ஃபிளீஸ் என்ற மெத்தென்ற கதகதப்பான சட்டை, அதற்கும் மேல் தொப்பி வைத்த மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டால் வேண்டியதைக் கழற்றலாம். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. படகுக்குப் புடவை வேண்டாம். கரை நனைந்து காலில் சுற்றும், சுடிதார் நல்லது. குடை காற்றில் நிற்காது. நீர் புகாத ஷூ, கம்பளிக் குல்லா, கையுறை, ஆளுக்கொரு பைனாகுலர் அவசியம். பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் திமிங்கிலம் முங்கிவிடும். இரவு 10 மணி வரை வெளிச்சம் இருப்பதால் தூங்கக் கண்பட்டியும் வையுங்கள்.

மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி எதையும் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். வீட்டில் செய்த பலகாரமும் பெரும்பாலும் தடைதான். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் பருப்புப்பொடி எடுத்துப்போகலாம். சைவம் என்பதைப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே கப்பல் கம்பெனிக்கு எழுதிவிட்டு, முதல் நாள் இரவு உணவுக்கூடப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகலாம். கணவரின் மருந்துகளும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எல்லாவற்றையும்விட அவசரம். விக்டோரியா கனடாவில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் இருவருக்கும் அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். அது இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற்றமாட்டார்கள். மகளிடம் கிரீன் கார்டு இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். வேலை விசாவில் இருந்தால் அவருக்கும் கனடா விசா தேவை. திமிங்கிலப் படகுக்குப் பணம் கட்டும் முன் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.