ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் வேலூர்ப் பிள்ளைகளின் கேள்விகள்: ஒரு சத்துவாச்சாரி அக்காவின் பதில்கள்

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்து, அங்கேயே ஒரு இயந்திரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விசா, நம்ம ஊர்ப் படிப்பைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் எல்லாம் உங்கள் கன்சல்டன்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானம் இறங்கிய பிறகு நடப்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

காட்பாடி: அக்கா, மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் சீட் கிடைத்துவிட்டது. முதல் செமஸ்டரில் எதில் கவனமாக இருக்கணும்?

தேர்வில். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதுவும் போனால் அதற்கடுத்ததில். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கேயும் தொடர முடியாமல் போகும். பெயர் நீங்கினால் விசாவும் ஆட்டம் காணும். உங்கள் துறையில் எத்தனை வாய்ப்பு என்பது 'ப்ரூஃபுங்ஸ்ஆர்ட்னுங்' என்ற தேர்வு விதிகளில் இருக்கும். அது துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

வகுப்புக்குப் போனாலே தேர்வு எழுதிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதியணும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. பதிந்த பிறகு தயாராகவில்லை என்று தோன்றினால் குறிப்பிட்ட நாளுக்குள் விலகலாம், வாய்ப்பு கழியாது. சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்தால் 5.0 போடுவார்கள். அங்கே 1.0 தான் முதல் மதிப்பெண், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். அன்றைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

பெரும்பாலான வகுப்புகளில் அட்டெண்டன்ஸ் கிடையாது. 75 சதவீதம் இல்லை என்று யாரும் வீட்டுக்குப் போன் போடமாட்டார்கள். இன்டர்னல் மார்க்கும் பல பாடங்களில் இல்லை, கடைசியில் ஒரே தேர்வு. நவம்பர் முழுக்க ஊர் சுற்றிவிட்டு பிப்ரவரியில் விழிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அரியர் புத்தியைக் காட்பாடி ஜங்ஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

ராணிப்பேட்டை: டைம்டேபிளில் '10 சி.டி.' என்று இருக்கிறதே?

10:15க்கு வகுப்பு. 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியாக 10.

குடியாத்தம்: பார்ட் டைம் வேலை பார்த்து பேங்க் லோனை அடைத்துவிடலாமா?

முடியாது. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். அந்தப் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கை கொடுக்கும், அவ்வளவுதான். விசாவுக்காக முன்பணம் கட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டி மாதம் 992 எடுக்கிறீர்களே, அதுவும் உங்கள் அப்பா போட்ட பணம்தான்.

வேலை பார்க்கணும் என்றால் முதலில் பல்கலைக்கழகத்துக்குள் தேடுங்கள். பேராசிரியரின் லேபில் உதவியாளராகச் சேர்வதை 'ஹீவி' என்பார்கள், அது இந்த நாள் கணக்கில் வராது. சாப்பாடு டெலிவரியை விட அதில் காசு அதிகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தீசிஸ் தேடும்போது பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும்.

ஆம்பூர்: அப்பா ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நான் பி.எஸ்சி. வேதியியல். அங்கே போய் இதைச் சொல்லலாமா, கூச்சமாக இருக்கிறது.

இதில் என்ன கூச்சம் தம்பி? ஆம்பூர், ராணிப்பேட்டை சரக்கு ஜெர்மனிக்குப் போவது இன்று நேற்றா? அங்கே பிர்மாசென்ஸ் என்று ஒரு ஊர், ஒரு காலத்தில் ஊரே செருப்புத் தைத்த ஊர். பதனிட்ட ஈரத் தோல் 'வெட் ப்ளூ' எப்படி இருக்கும், என்ன வாடை அடிக்கும் என்று உனக்குத் தெரியும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பான். தோல் பதனிடும்போது வரும் குரோமியம் கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்வது, பாலாற்றங்கரையில் அது எப்படிப் பிரச்சினையானது என்பதை வைத்து ஒரு புராஜெக்ட் கேள். பேராசிரியர்களுக்கு வாரம் ஒரு முறை 'ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே' என்று சந்திக்கும் நேரம் இருக்கும். நம்ம பிள்ளைகள் பயந்துகொண்டு போவதே இல்லை. முன்கூட்டி மெயில் போட்டு, இரண்டு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போ.

வாணியம்பாடி: அக்கா, பார்ட் டைம் ஈஸியாகக் கிடைக்குமா?

குடியாத்தத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆற்காடு: நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து ஃபிளாட் எடுக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

மூன்று மாதத்துக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வருஷம் தமிழிலேயே பேசி, ஜெர்மன் ஒரு வரி வராமல் வேலை தேடுகிறவர்கள் நிறைய.

ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு திருப்பத்தூர்க்காரர்: அக்கா, இது அநியாயம். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்துக் கொடுத்தது நம்ம பசங்கதான். ஜெர்மன்காரன் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பான்.

ரசத்துக்கு நான் எதிரி இல்லை தம்பி. வாரக்கடைசியில் போய்க் குடியுங்கள். வீடு மட்டும் கலந்து இருக்கட்டும். நாலு நாட்டுப் பிள்ளைகள் ஒரு சமையலறையைப் பங்கிடும்போது, இந்த வாரம் குப்பை யார் முறை, யார் பாத்திரம் கழுவவில்லை என்று சண்டை போட்டே மொழி வரும்.

ஆற்காடு: கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அடிக்குமாமே? குக்கர் விசிலுக்குக்கூடப் பயப்படுகிறார்களாமே?

தாளிக்கும்போது ஜன்னலைத் திற, சமையலறைக் கதவை மூடு. குக்கர் விசில் எதற்கு என்று முதல் நாளே சொல்லிவிடு. இரவு பத்துக்கு மேல் சத்தம் வேண்டாம்.

திருப்பத்தூர்க்காரர்: அப்படிப் பயந்து பயந்து தாளிக்கிற வீடு எதற்கு அக்கா?

சரி, தனிமை தாங்காதவர்கள் முதல் குளிர்காலம் முழுக்க நம்ம ஆட்களோடு இருங்கள், அதில் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் வேலைக்கு இன்டர்வியூ எந்த மொழியில் நடந்தது என்று நீங்களே இங்கே எழுதுங்கள். எழுதமாட்டீர்கள்.

பேரணாம்பட்டு: ஜெர்மன் தெரியாமல் பார்ட் டைம்...

மூன்றாவது முறை! கிடங்கில் பெட்டி தூக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் மொழி வகுப்பு இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முதல் வாரமே பதியுங்கள்.

அணைக்கட்டு: நான் இங்கிலாந்து போகிறேன். அங்கே எப்படி?

அது எனக்குப் பழக்கமில்லாத ஊர். அங்கே படித்தவரைக் கேளுங்கள்.

வேலப்பாடியிலிருந்து ஒரு அம்மா: பெண்ணை அனுப்புகிறேன் மா. அரிசி, பருப்பு, நெய் எவ்வளவு கட்டிக் கொடுக்கலாம்?

அரிசி வேண்டாம் மா. பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, இட்லி அரிசி வரைக்கும் கிடைக்கும். சாம்பார் பொடியும் பருப்புப் பொடியும் நீங்கள் அரைத்ததாகக் கொடுங்கள். நெய்யை எடுத்துவிடுங்கள், இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. மக்கன் பேடாவை ஆற்காட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கச் சொல்லுங்கள். மதியம் 'மென்சா' என்ற பல்கலைக்கழக கேன்டீனில் சாப்பிட்டால் செலவு குறையும்.

காட்பாடி: அக்கா, அந்தத் தேர்வு விதிகள் முழுக்க ஜெர்மனில் இருக்கிறதே?

துறையின் மாணவர் குழுவை 'ஃபாக்ஷாஃப்ட்' என்பார்கள். முதல் வாரமே அவர்கள் அறையைத் தேடிப் போங்கள். விதியை விளக்குவார்கள், பல இடங்களில் பழைய கேள்வித்தாளும் வைத்திருப்பார்கள்.

இங்கே மணி பதினொன்று, காலையில் ஷிஃப்ட். மிச்சக் கேள்விகளுக்கு அடுத்த வாரம் பதில் சொல்கிறேன், பார்ட் டைம் தவிர.